வறட்சியில் மக்காச்சோளம்: பயிரின் வரவு செலவும் உழவரின் கணக்கும்

2023ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழை முடிவுற்றபோது, நாடு முழுவதும் பெய்த மழை நீண்டகாலச் சராசரியில் 94 விழுக்காடு என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கிட்டது. ஆறு விழுக்காடு குறைவு என்பது ஏட்டில் பெரிய பற்றாக்குறையாகத் தோன்றுவதில்லை. அதே கணக்கை மாதவாரியாகப் பிரித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. ஜூலையில் இயல்பைவிட 13 விழுக்காடு மிகுதி. ஆகஸ்டில் 36 விழுக்காடு குறைவு. செப்டம்பரில் மீண்டும் 13 விழுக்காடு மிகுதி. 1901 முதல் பதிவான ஆகஸ்டு மாதங்கள் அனைத்திலும் மிக வறண்டது அந்த ஆகஸ்டுதான்.

இது நாடு முழுவதற்குமான கணக்கு. மக்காச்சோளச் சாகுபடியில் முன்னணியில் நிற்கும் கர்நாடகத்தில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. அம்மாநில அரசு 2023 செப்டம்பரில் 236 தாலுகாக்களுள் 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. பின்னர் அந்த எண்ணிக்கை 223ஆக உயர்ந்தது. தாவணகெரே, ஹாவேரி போன்ற மாவட்டங்களில் மானாவாரி நிலங்களின் முதன்மைப் பயிர் மக்காச்சோளம். ஜூன் இறுதியில் விதைக்கப்பட்ட மக்காச்சோளம் ஐம்பது, அறுபது நாளில் பூக்கும். அதாவது, அப்பயிருக்கு நீர் இன்றியமையாத நாட்கள் அந்த வறண்ட ஆகஸ்டில் வந்து விழுந்தன.

மொத்த வரவு போதுமானதாக இருந்தும், தவணை நாளில் கையில் பணம் இல்லாமல் நொடித்த தொழில்களை வங்கித் துறையினர் நன்கு அறிவர். மக்காச்சோளமும் அவ்வாறே. பருவத்தின் மொத்த மழையளவு அதன் விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை. மழை எந்த வாரத்தில் பொய்த்தது என்பதே தீர்மானிக்கிறது. அது ஏன் அவ்வாறு என்பதைச் செடியின் உள்ளிருந்தே விளக்கி, உழவரும் அவருக்குக் கடன் வழங்கும் வங்கியும் அதிலிருந்து அறிய வேண்டியவற்றைத் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடி

இந்தியாவில் ஆண்டுதோறும் 3.5 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மக்காச்சோளம் விளைகிறது. கோழித் தீவனத்துக்கும் மாவுச்சத்து ஆலைகளுக்கும் இதுவே அடிப்படை. அண்மைக் காலத்தில் எத்தனால் ஆலைகளும் இதை நாடி நிற்கின்றன. பீகாரின் கோசி, பூர்ணியா பகுதிகளில் ராபி பருவத்தில் பாசன வசதியுடன் இது பயிராகிறது. ஆயினும் நாட்டின் மக்காச்சோளப் பரப்பில் பெரும்பகுதி காரீப் பருவத்துக்குரியது. அதிலும் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி.

இயல்பில் மக்காச்சோளம் நீரை வீணாக்கும் பயிர் அன்று. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஆக்ரன் என்னுமிடத்தில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில், ஒரு கிலோ உலர்பொருளை உருவாக்க மக்காச்சோளம் சுமார் 370 லிட்டர் நீரைச் செலவிட்டது. கோதுமைக்குச் சுமார் 500 லிட்டரும் நெல்லுக்குச் சுமார் 700 லிட்டரும் தேவைப்பட்டன. கரும்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றைப் போலவே, மக்காச்சோளமும் இலைக்குள் கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் ஒரு தனி ஒளிச்சேர்க்கை முறையைப் பெற்றிருப்பதே இச்சிக்கனத்துக்குக் காரணம்.

அப்படியானால் வறட்சியில் சோளம் தாக்குப்பிடிக்கிறது, மக்காச்சோளம் ஏன் தோற்றுப்போகிறது என்ற வினா எழுவது இயல்பு. விடை அதன் பூவின் அமைப்பில் இருக்கிறது. அதற்கு முன், நீர் குறையத் தொடங்கும்போது செடி எடுக்கும் நடவடிக்கைகளை வரிசையாகக் காண்போம்.

முதல் நடவடிக்கை: வளர்ச்சியை நிறுத்துதல்

மண்ணில் ஈரம் குறைந்தவுடன் முதலில் நிற்பது இலையின் வளர்ச்சி. செல்கள் நீரால் உப்பிய நிலையில் இருந்தால்தான் விரியும். நீரழுத்தம் சற்றே தாழ்ந்தாலும் புதிய இலைகள் நீளும் வேகம் குறைகிறது. கண்ணுக்கு வாட்டம் தெரிவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடும். நிதி நெருக்கடியை முன்னுணர்ந்த நிறுவனம் விரிவாக்கத் திட்டங்களை ஒத்திவைப்பதற்கு இதை ஒப்பிடலாம்.

இரண்டாவதாக, செடி இலைத்துளைகளை மூடுகிறது. வறண்ட வேர்களிலும் இலைகளிலும் அப்சிசிக் அமிலம் என்னும் இயக்குநீர் மிகுதியாக உருவாகிறது. அது இலைத்துளைகளின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களை அடைந்ததும், அவை தளர்ந்து துளைகளை அடைக்கின்றன. நீராவிப்போக்கு குறைகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நீர் வெளியேறும் அதே வாயில் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வரவேண்டும். செலவைக் கட்டுப்படுத்த அடைத்த கதவு வரவையும் அடைத்துவிடுகிறது. நீராவியாதலால் கிடைத்த குளிர்ச்சியும் நின்றுபோவதால் இலை சூடேறுகிறது.

மூன்றாவது நடவடிக்கை, உழவர் அனைவரும் கண்டறிந்தது: இலை சுருளுதல். இலையின் மேற்புறத்தில் வரிசையாக அமைந்த பெரிய செல்கள் நீரிழந்து சுருங்க, இலை குழாய்போல் மடிந்து வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இதை வைத்தே மண்ணின் நிலையை ஓரளவு கணிக்கலாம். நண்பகலில் சுருண்ட இலை மாலையில் விரிந்துவிட்டால், அது தற்காலிகச் சிக்கனம். வேருக்கெட்டும் ஆழத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. விடியற்காலையிலும் இலை சுருண்டே இருந்தால், இரவெல்லாம் முயன்றும் வேரால் இழப்பை ஈடுசெய்ய இயலவில்லை என்று பொருள்.

வேரில் ஒரு முதலீடு

மேலே வளர்ச்சியை நிறுத்தும் செடி, கீழே அவ்வளவு எளிதில் நிறுத்துவதில்லை. இலை வளர்ச்சி முற்றிலும் நின்றுவிடும் அளவுக்கு மண் உலர்ந்த நிலையிலும், வேர் நுனி மெதுவாகத் தொடர்ந்து வளர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கிடைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வேருக்கு ஒதுக்கி, ஆழத்தில் உள்ள ஈரத்தைத் தேடுகிறது செடி. செல்களுக்குள் சர்க்கரையையும் புரோலின் போன்ற பொருள்களையும் சேர்த்துக்கொண்டு, உலர்ந்த மண்ணிலிருந்தும் நீரை ஈர்க்கும் வலிமையைப் பெருக்கிக்கொள்கிறது.

இந்த முதலீட்டிலும் சிக்கனம் பேசப்படுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனாதன் லிஞ்ச், செங்குத்தாக இறங்கும், பராமரிப்புச் செலவு குறைந்த, ஆழமான வேரமைப்பே வறட்சிக்கு ஏற்றது என்ற கருத்தை 2013இல் முன்வைத்தார். சில மக்காச்சோள வகைகளின் வேர்ப்பட்டையில் உயிருள்ள செல்களுக்குப் பதிலாகக் காற்றறைகள் மிகுந்திருக்கும். அத்தகைய வேரைப் பராமரிக்கக் குறைந்த உணவே போதும். மிஞ்சிய உணவைக் கொண்டு வேர் மேலும் ஆழத்துக்குச் செல்லும்.

ஆனால் வேர் ஆழமாக இறங்குவதற்கு மண் இடங்கொடுக்க வேண்டும். டிராக்டர் சென்று சென்று இறுகிப்போன அடிமண்ணிலும், ஆழமற்ற செம்மண்ணிலும் செடியின் இந்த முயற்சி பாதியில் நின்றுவிடும். ஒரே மழையளவு பெற்ற இரு அண்டை நிலங்களில் ஒன்று பிழைத்து மற்றொன்று வாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பூக்கும் பருவம்: சந்திப்புத் தவறும் நாட்கள்

இதுவரை கூறிய நடவடிக்கைகளால் இளம்பயிர் பல நாள் வறட்சியையும் தாங்கிப் பிழைத்துவிடும். மழை பெய்ததும் இலை விரியும், செடி சற்றே குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். பூக்கும் பருவத்தில் அந்தச் சலுகை கிடையாது.

சோளத்தில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே பூவில் அமைந்துள்ளன. மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து செடியின் உச்சியில். பெண் பூக்கள் அடங்கிய கதிர், செடியின் நடுவில், இலைக்கக்கத்தில். கதிரில் உள்ள ஒவ்வொரு சூலிலிருந்தும் ஒரு பட்டிழை நீண்டு, உறைக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். மேலிருந்து உதிரும் மகரந்தத் துகள் ஒன்று அதன்மேல் விழ வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. இழை வெளிவரத் தவறினால் அந்த மணி இல்லை.

நல்ல ஈரமுள்ள நிலத்தில் ஆண் பூ மகரந்தத்தை உதிர்க்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்குள் பட்டிழைகள் தலைகாட்டும். ஒரு செடியின் பூங்கொத்து ஏறத்தாழ ஒரு வாரம் மகரந்தத்தை உதிர்க்கும் என்பதால் சந்திப்பு தவறாது நடந்தேறும். வறட்சி வந்தால் என்ன ஆகிறது? உச்சியில் இருக்கும் ஆண் பூங்கொத்து செடியின் உணவில் முன்னுரிமை பெற்றது. அது பெரும்பாலும் உரிய நாளில் மலர்ந்துவிடும். பட்டிழையின் நிலை வேறு. அது மிகுந்த நீர்ச்சத்துடையது; நீரால் உப்பியே நீள்வது; நல்ல ஈரத்தில் நாளொன்றுக்கு இரண்டரை செ.மீ.க்கும் மேல் வளரக்கூடியது. நீரழுத்தம் தாழ்ந்ததும் அதன் வளர்ச்சி தளர்கிறது. மகரந்தம் உதிர்ந்து தீர்கிறது. இழையோ உறைக்குள்ளேயே இருக்கிறது.

மகரந்தத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரே பூங்கொத்து பல இலட்சம் துகள்களை உதிர்க்கிறது. கடும் வெப்பமும் சேர்ந்தால் மகரந்தமும் விரைவில் செயலிழக்கும் என்றாலும், வறட்சியில் முதலில் தவறுவது பெண் பூவின் நேரமே. மகரந்தம் உதிர்வதற்கும் பட்டிழை தோன்றுவதற்கும் இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கை, வறட்சியைத் தாங்கும் திறனுக்கு உரைகல்லாக உலகெங்கும் கொள்ளப்படுகிறது. மெக்சிகோவில் இயங்கும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையமான சிம்மிட், 1970களின் நடுப்பகுதியிலிருந்து இந்த இடைவெளி குறுகிய செடிகளை வறண்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது. அத்தெரிவின் விளைவாக ஆண் பூங்கொத்து சிறுத்தது. கதிருக்குச் சேரும் பங்கு கூடியது. வறட்சியில் விளைச்சல் உயர்ந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் பின்னர் வெளியிடப்பட்ட வறட்சி தாங்கும் வகைகளுக்கும் இப்பணி அடித்தளமாயிற்று.

பிடித்த மணியும் கருகுவது ஏன்?

சூல் கருவுற்றாலும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் வறட்சி நீடித்தால், பிடித்த மணிகளையே செடி கைவிடத் தொடங்குகிறது. கதிரின் அடியில் உள்ள மணிகளே முதலில் கருவுற்றவை. நுனியில் உள்ளவை கடைசி. கைவிடுதல் நுனியிலிருந்து தொடங்கும். பாதி மணியும் பாதி வெறுமையுமாக அறுவடையாகும் கதிர்களின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

இதன் காரணத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பூக்கும் பருவத்தில் நீரின்றி வாட விடப்பட்ட செடிகளின் தண்டுக்குள் சர்க்கரை முதலிய சத்துகள் அடங்கிய கரைசலைச் செலுத்தினர். செடி வாட்டமாகவே இருந்தபோதிலும் மணிகள் பெருமளவு பிழைத்தன. இலைத்துளைகள் மூடியதால் ஒளிச்சேர்க்கை நின்றது. அன்றாடம் வரவேண்டிய சர்க்கரை தடைப்பட்டது. சேமிப்பு ஏதுமில்லாத இளஞ்சூல் அந்தச் சில நாள் இடைவெளியைத் தாங்க இயலாமல் இறந்தது என்று இதிலிருந்து அறியலாம். நடப்பு மூலதனம் அற்றுப்போன சிறுதொழிலின் நிலையும் இதுதான். 2016இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது: நடுத்தர வறட்சியில் சர்க்கரை தட்டுப்படுவதற்கு முன்பே பட்டிழைகளின் வளர்ச்சி நின்றுவிடுகிறது, தாமதமாக வளர்ந்த இழைகளுக்குரிய சூல்களே கைவிடப்படுகின்றன. காரணம் எதுவாயினும் கெடு ஒன்றே. பூப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, பூத்தபின் இரண்டு வாரம் வரை.

இந்தக் கெடுவின் விலையை எண்களில் காட்டும் இரு பழைய ஆய்வுகள் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகின்றன. 1953இல் அமெரிக்காவில் ராபின்சும் டொமிங்கோவும் வெளியிட்ட ஆய்வின்படி, பூக்கும் பருவத்தில் ஓரிரு நாள் மட்டும் மண் ஈரம் வாடல் நிலைக்குத் தாழ்ந்தாலே விளைச்சலில் 22 விழுக்காடு வரை இழப்பு. ஆறு முதல் எட்டு நாள் நீடித்தால் ஏறத்தாழ 50 விழுக்காடு. 1960இல் அயோவாவில் டென்மெட், ஷா ஆகியோர் கண்ட முடிவு:

பட்டிழை தோன்றுமுன் வறட்சி: 25 விழுக்காடு இழப்பு.
பட்டிழை தோன்றும்போது வறட்சி: 50 விழுக்காடு இழப்பு.
பட்டிழை தோன்றியபின் வறட்சி: 21 விழுக்காடு இழப்பு.

தாமதமாக வரும் மழை ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இப்போது விளங்கும். பூக்கும் பருவம் கடந்தபின் மழை பெய்தால் செடி பசுமையாகத் தழைத்துவிடும். சாலையிலிருந்து பார்ப்பவருக்கு நல்ல பயிராகத் தெரியும். உறையைப் பிரித்தால்தான் கதிர் வெறுமையாக இருப்பது தெரியும். பிடிக்காத மணியை எந்த மழையாலும் மீட்க இயலாது.

மணி முற்றும் பருவமும் அறுவடைக்குப் பின் உள்ள அபாயங்களும்

பால் பருவத்தையும் மாவுப் பருவத்தையும் அடைந்தபின் வரும் வறட்சி மணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, எடையைக் குறைக்கிறது. இலையின் உற்பத்தி போதாதபோது, தண்டில் சேர்த்து வைத்த சர்க்கரையைச் செடி கதிருக்கு அனுப்புகிறது. சேமிப்பைக் கரைத்துக் குடும்பத்தைக் காக்கும் செயல் இது. விளைவாகத் தண்டு வலுவிழக்கிறது. கரித்தண்டழுகல் நோய் எளிதில் தொற்றுகிறது. அறுவடைக்கு முன்பே செடிகள் சாய்கின்றன. முற்றிய வறண்ட பயிரை நிலத்தில் காத்து வைத்திருப்பது இலாபம் தராது.

வறண்ட பயிரைத் தீவனமாக்கும்போதும் எச்சரிக்கை தேவை. வளர்ச்சி நின்ற செடியில், வேர் உறிஞ்சிய நைட்ரேட் பயன்படாமல் தண்டின் அடிப்பகுதியில் தேங்குகிறது. அதிக அளவில் உண்ணும் மாடுகளுக்கு அது உயிராபத்தாகலாம். வறட்சிக்குப் பின் மழை பெய்த முதல் சில நாட்களில் இதன் அளவு கூடுவதும் உண்டு. அடித்தண்டைச் சற்று உயரமாக விட்டு அறுப்பதும், கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்வதும் நலம்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. வறட்சியால் நலிந்த மணிகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் எளிதில் குடியேறி, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டப் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட நூற்றுக்கணக்கானோர் கல்லீரல் பாதிப்புக்கு உள்ளாயினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வறட்சி, அறுவடை நேரத்தில் பருவம் தவறிப் பெய்த மழை, ஈரத்தோடு சேமித்த தானியம் என மூன்றும் சேர்ந்து விளைவித்த துயரம் அது. விளைந்தது கொஞ்சமே என்று பூசணம் கண்ட மணிகளை வீட்டுக்கோ மாட்டுக்கோ கோழிக்கோ ஒதுக்குவது கூடாது. நன்கு உலர்த்தாத தானியத்தை மூட்டையில் கட்டுதலும் கூடாது.

உழவர் மேற்கொள்ளத்தக்கவை

1. பூக்கும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்க. விதைப்பையில் குறிப்பிட்ட வயதையும் விதைத்த நாளையும் கொண்டு பூக்கும் வாரத்தை நாட்காட்டியில் குறிக்கலாம். கையில் ஒரேயொரு நீர்ப்பாசனத்துக்கு மட்டுமே நீர் இருந்தால், அதை அந்த வாரத்துக்கு வைத்திருப்பதே நன்று.

2. நீரின் கணக்கை அறிக. ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் வேண்டும். தெளிப்பு நீர்ப்பாசனத்தில் 3 செ.மீ. கொடுத்தால் 1.2 இலட்சம் லிட்டர் போதும். கசிவும் ஆவியாதலும் போக 6 இலட்சம் லிட்டர் எஞ்சும் பண்ணைக்குட்டையால், தெளிப்பான் கொண்டு ஐந்து ஏக்கருக்கு ஒருமுறை உயிர்நீர் கொடுக்க இயலும். கர்நாடகம் 2014இல் தொடங்கிய கிருஷி பாக்கியா திட்டம் மானாவாரி நிலங்களில் பண்ணைக்குட்டைகளை ஊக்குவித்தது இந்தக் கணக்கின் அடிப்படையில்தான்.

3. எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் பூக்காதவாறு பார்த்துக்கொள்க. இதற்காக விதைப்பை விட்டு விட்டுச் செய்வது உகந்ததன்று. 2018இல் கர்நாடகத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்ட படைப்புழு, இளம்பயிர் தொடர்ந்து கிடைத்தால் பெருகும். ஒரே சமயத்தில் விதைத்து, குறுகிய வயதும் நடுத்தர வயதும் உடைய இரு வகைகளைப் பகுதி பகுதியாகத் தேர்ந்தெடுத்தால் பூக்கும் நாள் விலகும். துவரையை ஊடுபயிராக்குவதும் பயன் தரும். மக்காச்சோளத்துக்குத் தவறிய பின்மழை, நீண்ட வயதுடைய துவரைக்கு உதவும்.

4. செடிகளை நெருக்கி நடாதீர்கள். மானாவாரி நிலத்தில் நெருக்கம் கூடினால் ஒவ்வொரு செடிக்கும் நீர்ப்பங்கு குறைந்து பட்டிழை மேலும் தாமதப்படும். ஈரமில்லாத மண்ணில் மேலுரமாக யூரியா இடுவதும் வீண் செலவு.

5. கதிரைச் சோதித்துப் பார்க்க. மகரந்தம் உதிர்ந்து சில நாட்களுக்குப் பின் ஐந்தாறு கதிர்களைப் பறித்து, உறையை நீளவாக்கில் கீறிப் பிரித்து, மெல்ல உதறுங்கள். கருவுற்ற சூலின் பட்டிழை உதிர்ந்துவிடும். கருவுறாததின் இழை ஒட்டிக்கொண்டிருக்கும். உதிராத இழைகள் மிகுந்திருந்தால் விளைச்சல் குறையும் என்பதை அறுவடைக்குப் பல வாரங்களுக்கு முன்பே அறியலாம். மேலும் உரத்துக்கும் மருந்துக்கும் செலவிடுவதா, பயிரைத் தீவனமாக்குவதா என்ற முடிவை அப்போதே எடுக்கலாம்.

வங்கியோடு தொடர்புடையவை

பயிரின் கெடுவைப் போலவே காப்பீட்டுக்கும் கடனுக்கும் கெடு உண்டு. 2016 காரீப் முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மக்காச்சோளத்துக்கு உழவர் செலுத்த வேண்டிய கட்டணம் காப்பீட்டுத் தொகையில் காரீப் பருவத்துக்கு அதிகபட்சம் 2 விழுக்காடு, ராபிக்கு 1.5 விழுக்காடு. எடுத்துக்காட்டாக, ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் எனக் கொண்டால் காரீப் கட்டணம் 600 ரூபாயைத் தாண்டாது. மாநில அரசின் அறிவிக்கையில் உங்கள் பகுதியும் பயிரும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

2020 காரீப் முதல் கடன் பெற்ற உழவருக்கும் இத்திட்டம் விருப்பத்துக்குரியது. வேண்டாம் என்போர் இறுதி நாளுக்கு ஏழு நாள் முன்னதாக வங்கிக்கு எழுதித் தர வேண்டும். இந்த வசதியைப் பயன்படுத்துமுன், தம் நிலத்தில் பூக்கும் வாரத்துக்கு நீர் உறுதியா என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இழப்பீடு கணக்கிடப்படும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். வறட்சி இழப்பு தனித்தனி நிலத்துக்கு மதிப்பிடப்படுவதில்லை. காப்பீட்டு அலகாக அறிவிக்கப்பட்ட ஊராட்சி அல்லது அதையொத்த பகுதியின் சராசரி விளைச்சலைப் பயிர் அறுவடைச் சோதனைகளால் கண்டு கணக்கிடுகின்றனர். 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற தனியிட இழப்புகளுக்கும், அறுவடைக்குப்பின் நேரும் சில இழப்புகளுக்கும் உரியது, வறட்சிக்கு அன்று. பருவத்தின் நடுவிலேயே, எதிர்பார்க்கும் விளைச்சல் வரம்பு விளைச்சலில் பாதிக்கும் கீழே போகும் என்று மாநில அரசு அறிவித்தால், இழப்பீட்டில் 25 விழுக்காடு வரை முன்பணமாக வழங்க வழியுண்டு. அப்பணம் தாமதமின்றிச் சேர, கணக்கு எண், ஆதார் இணைப்பு, நிலத்தின் புல எண், பயிரின் பெயர் ஆகியவை சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். மக்காச்சோளம் பயிரிட்டுவிட்டு வேறு பயிரின் பெயரில் காப்பீடு செய்திருந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

கிசான் கடன் அட்டையில் உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு, வரம்புக்கு உட்பட்ட கடனில் 3 விழுக்காடு வட்டி ஊக்கச் சலுகை கிடைக்கிறது. விளைச்சல் தவறி, அரசும் வறட்சியை அறிவித்த நிலையில், ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்படி பயிர்க் கடனின் தவணையை மாற்றியமைத்துத் தர வங்கிகளுக்கு வழி உண்டு. அதற்கு உழவர் தவணை நாள் கடந்தபின் வருவதைவிட, கதிர் பிடிக்கவில்லை என்று தெரிந்த வாரமே கிளைக்கு வந்து எழுத்துமூலம் தெரிவிப்பது இருதரப்புக்கும் நல்லது. பண்ணைக்குட்டைக்கும் நுண்ணீர்ப் பாசனத்துக்கும் தனியே தவணைக் கடன் பெறலாம். நுண்ணீர்ப் பாசனத்துக்கான அரசு மானியத்தையும் அதனோடு இணைத்துத் திட்டமிடலாம்.

கள ஆய்வுக்குச் செல்லும் வங்கி அலுவலர்களுக்கும் இக்கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. பயிர் பசுமையாக உள்ளது என்று மட்டும் எழுதி வந்துவிட்டால் அறிக்கை முழுமை பெறாது. பூத்த வாரம் எது, அந்த வாரத்தில் மழையோ பாசனமோ இருந்ததா, உறையைப் பிரித்துப் பார்த்தபோது கதிரில் மணி எந்த அளவுக்குப் பிடித்திருந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் அறிக்கையில் விடை இருக்க வேண்டும்.

மக்காச்சோளம் விதைத்த உழவர்கள் இந்தப் பருவத்திலேயே ஒரு காகிதத்தில் மூன்று தேதிகளை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கலாம்: பயிர் பூக்கும் வாரம், காப்பீட்டின் இறுதி நாள், கடன் தவணை நாள். முதல் தேதிக்கு நீரைச் சேமித்து வைப்பது உழவரின் கையில் உள்ளது. மற்ற இரண்டுக்கும் துணைநிற்க உங்கள் வங்கிக் கிளை காத்திருக்கிறது.